தண்ணீர், ஒலி, குமிழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் இன்று நகைப் பட்டறை முதல் மொபைல் ரிப்பேர் கடை வரை, தொட்டித் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பிப் பொருளைக் கழுவும் அல்ட்ராசோனிக் மெஷின் வந்துவிட்டது. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், மெஷினை வாங்கிய பிறகு எழுந்தவை. தொட்டியே இல்லாமல், ஓடும் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பிக் கழுவும் முறையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் அழுக்கை எடுக்கும் வேலையைச் செய்வது குமிழிதான். ஒலி அதை ஆட்டிவைக்கிறது. குமிழி எந்த அளவில் இருக்கிறது, எங்கே நிற்கிறது, உடைகிறதா அல்லது அதிர்ந்துகொண்டே இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் பொருள் சுத்தமாவதும் கெடுவதும்.

3 லிட்டர், 40 கிலோஹெர்ட்ஸ் மெஷின் வாங்கினோம். ஒரு கெம்புக்கல் அட்டிகையைப் போட்டதும் இரண்டு கல் கழன்று கீழே கிடந்தன. மற்ற கற்களும் மங்கிவிட்டன. மெஷினில் கோளாறா? எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?
– நகைப் பட்டறை வாசகர், நகரத்பேட்டை

மெஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அட்டிகை அதில் போடக்கூடிய பொருள் இல்லை. கெம்பு வேலையில் கட்டடம், அதாவது கல் பதிக்கும் கூடு, பின்பக்கம் மூடியது. கல்லுக்குக் கீழே அரக்கும், கல் பளபளக்க வைக்கும் மெல்லிய தகடும் இருக்கும். 40 கிலோஹெர்ட்ஸ் என்றால் தண்ணீர் நொடிக்கு 40,000 தடவை அழுத்தப்பட்டுத் தளர்கிறது. தளரும்போது நுண்குமிழிகள் விரிகின்றன, அழுத்தும்போது நசுங்கிச் சிதைகின்றன. உலோகத்தை ஒட்டிச் சிதையும் குமிழி எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்காது. எதிர்ப்பக்கம் உள்வாங்கி, குமிழியின் நடுவே மெல்லிய நீர்ப்பீச்சு ஒன்று உலோகத்தை நோக்கிப் பாயும். அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டர் அளவுக்குப் போகும். கல்லும் தங்கமும் சேரும் இடுக்கில் இது விடாமல் நடந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து தகட்டைக் கெடுக்கும். வெந்நீரின் சூடு அரக்கை இளக்கும். மங்கிய கல்லை எத்தனை தரம் கழுவினாலும் பழைய பளபளப்பு வராது. கட்டடத்தைப் பிரித்துத் தகட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

முத்து, பவளம், ஓப்பல், டர்காய்ஸ், குந்தன் வேலை, பசை போட்டு ஒட்டிய கல் எதையும் போடாதீர்கள். மரகதத்தில் பெரும்பாலும் விரிசலை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். மெஷின் அந்த எண்ணெயை வெளியே கொண்டுவந்துவிடும், விரிசல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். மாணிக்கத்திலும் கண்ணாடி நிரப்பியது உண்டு, அதுவும் ஆகாது. விரிசல் இல்லாத வைரம், நிரப்பு வேலை செய்யாத மாணிக்கம், நீலம் ஆகியவை பின்பக்கம் திறந்த கட்டடத்தில் இருந்தால் போடலாம். போடுவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் ஊசி முனையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஆடும் கல் மெஷினில் நிச்சயம் கழலும். அதுவரை அதைப் பிடித்துவைத்திருந்தது அழுக்காகவும் இருக்கலாம்.

கல் இல்லாத தங்க நகைக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி மென்மையான திரவ சோப்பு, சூடு 50 முதல் 55 டிகிரி, 3 நிமிடம். பாலிஷ் மசி ஒட்டியிருந்தால் சோப்பை 20 முதல் 30 மில்லி ஆக்கி 60 டிகிரி வரை போகலாம். நகைகளைக் குவித்துப் போடாமல் கொக்கியில் தொங்கவிடுங்கள். 22 கேரட் தங்கம் மெத்தென்றது. ஒன்றோடொன்று உரசினால் அதிர்விலேயே கீறல் விழும். வேலை முடிந்ததும் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், கழன்ற பொடிக்கல்லும் தங்கத்தூளும் அதில் கிடைக்கும். கெம்பு நகைக்குப் பழைய வழியே மேல்: பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் தொட்ட மெத்தென்ற பிரஷ், நகையின் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மேலோட்டமாகத் தேய்த்தல், உடனே துணியில் ஒற்றுதல். மூழ்க விடவே கூடாது.

லேத்தில் கடைந்த சிறிய பித்தளை பாகங்களைக் கழுவுகிறோம். ஒரே பாஸ்கெட்டில் சில பாகங்கள் பளிச்சென்று வருகின்றன, பக்கத்தில் இருப்பவற்றில் எண்ணெய் அப்படியே நிற்கிறது. நேரத்தைக் கூட்டியும் பயனில்லை.
– சிறுதொழில் வாசகர், பீன்யா

நேரத்தில் பிழை இல்லை, இடத்தில்தான். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் ஓடுகிறது. 40 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 37 மில்லிமீட்டர். தொட்டியின் அடியிலிருந்து மேலே போகும் அலை நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பி, வரும் அலையோடு மோதும்போது தொட்டிக்குள் பலமான பட்டையும் பலவீனமான பட்டையும் மாறி மாறி நிலைத்துவிடுகின்றன. இரண்டு பலமான பட்டைகளுக்கு நடுவே சுமார் 18 மில்லிமீட்டர். உங்கள் பாகம் சிறியது என்பதால் முழுக்கப் பலவீனமான பட்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. மெஷினில் ஸ்வீப் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அது அதிர்வெண்ணை லேசாக முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருப்பதால் பட்டைகள் ஒரே இடத்தில் நிற்காது. இல்லாவிட்டால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பாஸ்கெட்டை ஓர் அங்குலம் தூக்கி இறக்குங்கள்.

அதற்கு முன் தொட்டி நலமாக இருக்கிறதா என்று ஃபாயில் சோதனை செய்து பாருங்கள். சமையலறை அலுமினிய ஃபாயிலைத் தொட்டியின் நீளத்துக்கு வெட்டி, செங்குத்தாக, அடியைத் தொடாமல் பிடித்து 30 நொடி முதல் ஒரு நிமிடம் வரை ஓட்டுங்கள். வெளியே எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தால் முழுக்கக் குத்துப்புள்ளிகளும் நெளிசலும் பரவலாகத் தெரிய வேண்டும். சில இடங்களில் ஓட்டையாகி ஓரம் கந்தலாகவும் இருக்கும். ஒரு கை அகலத்துக்கு ஃபாயில் வழவழப்பாகவே இருந்தால், அதற்கு நேர் கீழே உள்ள டிரான்ஸ்டியூசர் (மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் பாகம்) செத்திருக்கலாம், அல்லது அதை ஒட்டிய பசை விட்டிருக்கலாம். ஃபாயிலில் தேதி எழுதி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஒப்பிடுவது நல்ல பழக்கம். சோதித்த தண்ணீரில் அலுமினியத் துகள் மிதக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

பீன்யாவில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர்தான். அதன் கடினத்தன்மை சோப்பின் பலத்தைக் குறைக்கும், சூடு ஏற ஏறத் தொட்டியின் அடியில் சுண்ணாம்புப் படிவு கட்டும். காவிரித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள், கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும். புதிதாக ஊற்றிய தண்ணீரில் காற்று நிறையக் கரைந்திருக்கும். அந்தக் காற்று குமிழிக்குள் புகுந்து, அது சிதையும்போது மெத்தையாக நின்று அடியைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் பாகம் எதுவும் போடாமல் 10 நிமிடம் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று விட்டுவிட்டு வரும் சத்தம் ஒரே சீரான இரைச்சலாக மாறும்போது தண்ணீர் தயார். பாகத்தை நேராகத் தொட்டியின் அடியில் வைக்காதீர்கள். அதிர்வும் அடங்கிவிடும், தகடும் அரித்துப்போகும். குறித்த மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கும்போது ஓட்டினால் டிரான்ஸ்டியூசர் சூடேறிப் பாழாகும்.

ஓடும்போது தண்ணீரில் விரல் விட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, ராஜாஜிநகர்

கூடாது. எலும்பு மூட்டில் குடைவது போன்ற வலி வரும், தொடர்ந்து செய்தால் திசு கெடும். பாஸ்கெட்டைத் தூக்கும்போதும் ஸ்விட்சை அணைத்துவிட்டே தூக்குங்கள்.

குழாயிலிருந்து விழும் தண்ணீருக்குள்ளேயே ஒலியையும் குமிழியையும் அனுப்பி, சூடும் சோப்பும் இல்லாமல் கழுவ முடியும் என்று படித்தேன். எப்படி? எஸ்.பி. ரோட்டில் 40 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் கிடைக்கிறது. அதைக் குழாயில் ஒட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.
– பொறியியல் மாணவர், எலஹங்கா

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிமத்தி லெய்ட்டன், பீட்டர் பிர்க்கின் இருவரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறை இது. நீங்கள் ஒட்டியது ஏன் வேலை செய்யவில்லை என்பதில் தொடங்கினால் முழு விஷயமும் விளங்கும்.

காற்றில் விழும் தண்ணீர்த் தாரையின் ஓரம் ஒலிக்குச் சுவர் மாதிரி. தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போக முயலும் ஒலி கிட்டத்தட்ட முழுவதும், தலைகீழாகி, உள்ளேயே திரும்பிவிடும். அதனால் தாரையின் ஓரத்தில் ஒலி அழுத்தம் பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். இப்படிப்பட்ட தாரைக்குள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி பயணமே செய்யாது, தாரை வெளிவரும் முனையான நாசிலை விட்டு வந்தவுடன் மங்கிவிடும். அந்த எல்லையைக் கணக்கிடலாம்: 2.405-ஐ ஒலியின் வேகத்தால் பெருக்கி, தாரையின் விட்டத்தையும் பை (π, சுமார் 3.14) என்ற எண்ணையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் தாரைக்கு இது சுமார் 113 கிலோஹெர்ட்ஸ். உங்கள் 40 கிலோஹெர்ட்ஸ் போக வேண்டுமானால் தாரை 28 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் இருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் அது நடக்காது. சவுத்தாம்ப்டன் குழு 135 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் வேலை செய்தது இங்கே பொருந்துகிறது. அந்த அதிர்வெண்ணுக்குத் தாரை 8.4 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. விழ விழத் தாரை மெலியும் என்பதையும் கணக்கில் சேர்த்து, வாயை 10 மில்லிமீட்டர் வையுங்கள்.

அடுத்தது நாசில். பின்சுவரில் டிரான்ஸ்டியூசர், முன்னால் போகப்போகக் குறுகும் கூம்பு, தண்ணீர் பக்கவாட்டில் நுழையும். கூம்பைக் கெட்டி உலோகத்தில் செய்தால் ஒலி வாய்வரை நன்றாக வந்து, வாயில் திடீரென்று சுவர் மாறுவதால் பெரும்பகுதி பின்னுக்கே திரும்பும். ஒலிக்குச் சுவர் காற்றைப் போலவே தோன்றும் மெத்தென்ற பொருளில் கூம்பைச் செய்தால் அந்தத் தடை குறையும். தண்ணீர் நிமிடத்துக்கு 2 லிட்டர் போதும்; 10 மில்லிமீட்டர் வாயில் அது நொடிக்கு 42 சென்டிமீட்டர் வேகத்தில் வெளியேறும். தாரை கண்ணாடிக் குச்சியைப் போல் வழவழப்பாக இருக்க வேண்டும். குழாய் முனையில் இருக்கும் காற்று கலக்கும் வலையைக் கழற்றுங்கள். தாரை எங்கே துளிகளாக உடைகிறதோ அங்கே ஒலியின் பாதை அறுந்துவிடும், ஆகவே கழுவும் பொருளை வாயிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் பிடியுங்கள்.

மூன்றாவது குமிழி. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் நன்றாக ஆடும் குமிழி அளவு ஒன்று உண்டு. தண்ணீரில் அதிர்வெண்ணையும் குமிழியின் ஆரத்தையும் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 3.3 மீட்டர் வரும். இது மின்னார்ட் என்ற விஞ்ஞானி 1933-இல் காட்டியது. 135 கிலோஹெர்ட்ஸுக்கு விட்டம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தொட்டி முறையில் குமிழி சிதைந்து அடிக்கிறது என்று பார்த்தோம். இங்கே குமிழி சிதைய வேண்டியதில்லை. ஒலி படும்போது அது பொருளின் பரப்பை நோக்கி இழுபடுகிறது. பரப்பில் கீறலோ குழியோ இருந்தால் அதற்குள் நுழைந்து உட்கார்கிறது. உட்கார்ந்த குமிழியின் தோலில் நுண்ணிய சிற்றலைகள் எழும்பித் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு சுற்றியுள்ள நீரைச் சுழற்றி, குழியின் சுவரில் ஒட்டிய அழுக்கை உரசிக் கிளப்புகிறது. கிளம்பியதை ஓடும் நீர் கொண்டுபோய்விடும். பிரஷ் முடி நுழையாத இடத்தில்தான் இந்த முறையின் பலம் அதிகம், பரப்பின் மீது அடி விழாததால் மென்மையும் இதில்தான். எலும்பு, பல்லில் படியும் பாக்டீரியாப் படலம், அறுவைக் கருவியின் எஃகு ஆகியவற்றில் இதைச் சோதித்திருக்கிறார்கள்.

ஆனால் குமிழியை எப்போதும் கொட்டிக்கொண்டே இருந்தால், தாரைக்குள் இருக்கும் குமிழிக் கூட்டமே ஒலியைத் தின்றுவிடும். அதனால் ஒலியைத் துடிப்புத் துடிப்பாக விட வேண்டும்: ஒலி நின்ற வேளையில் குமிழிகள் தாரையோடு பரப்புக்குப் போய்ச் சேர, அடுத்த ஒலித் துடிப்பு அங்கே அவற்றைப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய குமிழிகளால் பயனில்லை. நாசிலுக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்னாற்பகுப்பு செய்தால் எதிர்மின் முனையில் மிகச் சிறிய ஹைட்ரஜன் குமிழிகள் வரும். கம்பி மெலிதாக இருக்க இருக்கக் குமிழியும் சிறிதாகும். ஹைட்ரஜன் என்பதால் மூடிய பெட்டிக்குள் செய்யாதீர்கள்.

சோதிக்க: கண்ணாடி ஸ்லைடில் லிப்ஸ்டிக்கை மெலிதாகத் தடவிக் காயவிட்டு, ஒன்றை ஒலி போட்டும், இன்னொன்றை ஒலி அணைத்தும், அதே தாரையில் அதே 30 நொடி பிடியுங்கள். இரண்டாவது ஸ்லைடு இல்லாமல் முதலாவதை நம்பாதீர்கள். வெறும் தண்ணீர் செய்ததை ஒலியின் கணக்கில் எழுதிவிடுவோம். டிரான்ஸ்டியூசருக்குள் அதிரும் பீசோ வில்லை மீது நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும், கையோ ஈரம். பின்பக்கத்தை முழுக்க எபாக்ஸியில் மூடுங்கள். மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம்.

கீரையில் மண்ணும் கிருமியும் போக இந்த மாதிரி மெஷினில் கழுவலாமா?
– இல்லத்தரசி, அல்சூர்

40 கிலோஹெர்ட்ஸ் தொட்டியில் வேண்டாம். குமிழி சிதையும் அடியில் இலையின் செல்கள் கிழிந்து, கீரை சீக்கிரம் குழையும், அழுகும். ஓடும் தாரை முறையைச் சவுத்தாம்ப்டனில் பசலைக் கீரை இலைகளில் சோதித்திருக்கிறார்கள், ஆனால் அது ஆய்வகக் கருவி. வீட்டில், அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீரில் கீரையைப் பிரித்துப் போட்டு அலசி, கீரையைக் கையால் மேலே அள்ளுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். மண் வருவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றி, கடைசியில் ஓடும் குழாயில் ஒரு முறை காட்டுங்கள்.

பைக் கார்புரேட்டரை அல்ட்ராசோனிக்கில் பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் சீக்கிரம் போகும் என்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் போட்டால் கறுத்துவிடுகிறது.
– மெக்கானிக், ஜே.சி. ரோடு

பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதையும் அந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதிர்வு ஆவியைக் கிளப்பும், கீழே சூடேற்றியும் மின்சுற்றும் இருக்கின்றன. ஒரு பொறி போதும், கடையே போய்விடும். இதில் அரைகுறை வழி கிடையாது.

கறுப்பது சோப்பின் காரத்தால். கார்புரேட்டர் உடம்பு அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை. காஸ்டிக் கலந்த டிகிரீசர் இரண்டையும் அரிக்கும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று லேபிளில் போட்ட, காரம் குறைந்த கிளீனரை வாங்குங்கள். மிதவை, டயாஃப்ரம், ரப்பர் ஓ-ரிங், ஜெட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளியே அப்பிய சேற்றை முதலில் பிரஷால் எடுத்துவிட்டால் தொட்டித் தண்ணீர் நாலு வேலைக்கு வரும். 60 டிகிரியில் 10 நிமிடம், பிறகு புரட்டிப் போட்டு இன்னொரு 5 நிமிடம். துளைக்குள் காற்று அடைபட்டால் அங்கே தண்ணீரே போகாது, கழுவலும் நடக்காது. மூழ்கும்போது சாய்த்துச் சாய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஜெட்டைத் தனியாக, கண்ணாடி டம்ளரில் கிளீனரோடு போட்டு, டம்ளரைத் தொட்டி நீரில் அடி தொடாமல் தொங்கவிடலாம். கண்ணாடி வழியே ஒலி போகும். மெத்தென்ற பிளாஸ்டிக் டப்பா ஒலியை உறிஞ்சிவிடும். எடுத்ததும் அலசி, கம்ப்ரஸர் காற்றால் ஒவ்வொரு துளையையும் ஊதி, இரும்புப் பாகங்களுக்கு உடனே எண்ணெய் காட்டுங்கள். எண்ணெய் போன இரும்பு அரை மணியிலேயே துருப் பிடிக்கும்.

தண்ணீரில் விழுந்த மொபைல் போர்டை மெஷினில் போட்டுக் கழுவினால் ஆன் ஆகிறது, ஆனால் சிலவற்றில் மைக் வேலை செய்வதில்லை, மணி தப்பாகக் காட்டுகிறது.
– ரிப்பேர் கடை வாசகர், எஸ்.பி. ரோடு

மைக்குக்குள் மெல்லிய சிலிக்கான் சவ்வு இருக்கிறது, அது கிழிந்திருக்கும். மணிக்கான குவார்ட்ஸ் துண்டு 32.768 கிலோஹெர்ட்ஸில் ஆடுவது. 40 கிலோஹெர்ட்ஸ் தொட்டியின் உலுக்கலில் அது உடையக்கூடும். பேட்டரி, கேமரா, ஸ்பீக்கர், மைக் எல்லாம் கழற்றியபின் போடுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 80 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட மெஷின் கிடைத்தால் அதுவே நல்லது. அதிர்வெண் கூடக் கூடக் குமிழி சிறிதாகி அடி குறையும். பரப்பை ஒட்டி அசையாமல் நிற்கும் நீர்ப்படலமும் மெலியும். 40 கிலோஹெர்ட்ஸில் அந்தப் படலம் சுமார் 2.8 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 1 மெகாஹெர்ட்ஸில் அரை மைக்ரானைச் சற்றே தாண்டும். சிப் தொழிற்சாலைகள் மெகாஹெர்ட்ஸ் பக்கம் போவது நுண்துகள் அந்தப் படலத்துக்குள் ஒளிந்துகொள்வதால்தான். கழுவியபின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டிக்கு வெளியே பிரஷில் தொட்டு அலசி, 60 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

மூக்குக் கண்ணாடியைப் போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜெயநகர்

வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, ஒரு நிமிடம். லென்ஸின் மேல்பூச்சில் ஏற்கெனவே சிலந்திவலை மாதிரி வெடிப்போ ஓரத்தில் உரிசலோ இருந்தால் போடாதீர்கள், அந்த இடத்திலிருந்து பூச்சு கழன்றுவரும். மரம் அல்லது கொம்பு ஃப்ரேமும் வேண்டாம். போடும் முன் திருகாணிகளை இறுக்கிவிடுங்கள், அதிர்வில் அவை தளரும்.